செக் பாட்டிக்கு அன்றாட ஆங்கிலம்: எங்கிருந்து தொடங்குவது?

பிர்னோ_செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். செக் நாட்டில் பிர்னோவுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற ஓர் அம்மா தனியாக இருக்கிறார், வயது 68. ஒரே மகள் இங்கிலாந்தில் லீட்ஸில் கல்யாணமாகிக் குடியிருக்கிறாள். பேரனுக்கு ஐந்து வயது, ஆங்கிலம் மட்டும்தான் பேசுவான். இந்த அம்மா பள்ளியில் படித்த அந்நிய மொழி ரஷ்யன். அந்தத் தலைமுறைக்கு அதுதான் கட்டாயம், 1989-க்கு அப்புறம்தான் பள்ளிகளில் ஆங்கிலமும் ஜெர்மனும் அந்த இடத்தைப் பிடித்தன.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ கால். அதற்காக "எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக்கொடு, உனக்கு நான் செக் சொல்லித் தருகிறேன்" என்றார். சரி என்றுவிட்டேன். மாட்டிக்கொண்டேன்.

அவர் வாங்கி வைத்திருந்த பழைய பாடப்புத்தகத்தில் முதல் பாடமே விமான நிலையச் சுங்கச் சோதனை. போனில் இறக்கிய செயலி "குதிரை ஆப்பிள் தின்கிறது" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவருக்கு வேண்டியது குதிரை இல்லை. ஸ்பூன், சாக்ஸ், முழங்கால், தும்மல், மழை, "உனக்கு இன்னொரு துண்டு கேக் வேண்டுமா" இவைதான்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பையனுக்கு முதல் பால்பல் விழுந்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, "பாபி, பார்க்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். (பாபி என்றால் பாட்டி.) இவருக்கு அந்தக் கேள்வி புரிந்துவிட்டது, அதுவே பெரிய சாதனை. சந்தோஷத்தில் "அனோ, அனோ!" என்றார். செக்கில் "அனோ" என்றால் ஆமாம். பையன் காதில் விழுந்தது "நோ, நோ". முகம் சுண்டிப்போய்ப் பல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அதற்கப்புறம் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

செக்காரர்களோடு பழகியவர்கள், சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பிராக்_பாண்டி:
செல்விக்கா, "அனோ" பாதி ஆபத்துதான். பேச்சுவழக்கில் இவர்கள் "நொ" என்றே சொல்வார்கள், அதற்கும் அர்த்தம் "ஆமா", "ம், சரி". வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பக்கத்து மேசைக்காரர் போனில் "நொ, நொ, நொ, யஸ்னெ" என்று பத்து நிமிடம் பேசினார். வாடிக்கையாளர் கேட்டதையெல்லாம் மறுக்கிறார் என்று நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

68 வருடப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மாறாது. பேரனுக்குச் சொல்லிவையுங்கள், பாபி "அனோ" என்றால் யெஸ் என்று. ஐந்து வயசுப் பையன் ஒரே நாளில் பிடித்துக்கொள்வான்.

லிஸ்ட்_மன்னன்:
அதிகம் புழங்கும் ஆயிரம் சொற்கள் என்று இணையத்தில் பட்டியல் கிடைக்கும். தினம் பத்து, நூறு நாள், முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

பிர்னோ_செல்வி:
@லிஸ்ட்_மன்னன் அந்தப் பட்டியலை நானும் எடுத்துப் பார்த்தேன் தம்பி. முதல் இருபதில் "தி", "ஆஃப்", "டு", "எ". செக்கில் "எ", "தி" போன்ற சமாச்சாரமே கிடையாது, நம் தமிழைப் போலத்தான். முதல் நாளே "தி என்றால் என்ன?" என்று அந்த அம்மா கேட்டால் நான் என்ன பதில் சொல்ல? எனக்கே தெரியாது.

ஓஸ்ட்ராவா_வாத்தியார்:
ஏழு வருடமாக ஓஸ்ட்ராவாவில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நான் கண்டவரை, செக்காரர்கள் பெரிய சொற்களில் விழுவதில்லை. லத்தீன் வழி வந்தவை அவர்கள் மொழியிலேயே நிறைய உண்டு. விழுவதெல்லாம் சின்னச் சொற்களில்தான். அதுவும் எங்கு விழுவார்கள் என்பதை செக் மொழியைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

உடம்பிலிருந்து தொடங்குங்கள். செக்கில் "ருகா" என்றால் தோளிலிருந்து விரல் நுனிவரை முழுக் கை. "நொஹா" என்றால் இடுப்புக்குக் கீழே மொத்தக் கால். ஆங்கிலம் அதை ஹேண்ட், ஆர்ம் என்றும் ஃபுட், லெக் என்றும் அறுத்து வைத்திருக்கிறது. விரலும் அப்படியே. "ப்ர்ஸ்த்" என்றால் விரல். காலில் இருப்பதைச் சொல்ல "காலில் உள்ள விரல்" என்பார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்கு அதற்கென்று தனியாக ஒரு "டோ" வேண்டும். என் மாணவர் ஒருவர் மலையேறப் போய்விட்டு வந்து "லெக் ஃபிங்கர் வலிக்கிறது" என்றார். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் அதில் தப்பு தெரிய இரண்டு விநாடி ஆனது. ஏன் என்று உங்களுக்கே தெரியும். நாமும் கை, கால், விரல், கால்விரல் என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே.

அடுத்தது கதவு. செக்கில் கதவு எப்போதும் பன்மை. ஒற்றைக் கதவைக் காட்டி "த டோர்ஸ் ஆர் ஓபன்" என்பார்கள். கைக்கடிகாரமும் பன்மை, பணமும் பன்மை, தலைமுடியும் பன்மை, கிறிஸ்துமஸ்கூடப் பன்மை. "மை ஹேர் ஆர் வெட்" என்று பாட்டி சொன்னால் அது கவனக்குறைவு இல்லை, அவருடைய மொழி இலக்கணப்படி சரியாகத்தான் சொல்கிறார். திருத்தும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், முகம் வாடாது.

அப்புறம் "அவன், அவள்". செக்கில் கரண்டி பெண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஆண்பால், மேசை ஆண்பால். "கரண்டி எங்கே?" என்றால் "ஷி இஸ் இன் த டிராயர்" என்று பதில் வரும். இங்கே மட்டும் நமக்குச் சௌகரியம். உயர்திணை, அஃறிணை என்று தொல்காப்பியர் காலத்திலேயே பிரித்து வைத்தாயிற்று, கரண்டி "அது"தான்.

கடைசியாக ஒரே வினையில் இரண்டு வேலை. "பூய்ச்சித்" என்றால் இரவல் கொடு, அதோடு "சி" என்று ஒரு துணுக்கைச் சேர்த்தால் இரவல் வாங்கு. அதனால்தான் "கேன் யு பாரோ மி எ பென்". கற்பதும் கற்பிப்பதும் இதே கதை. "ஐ லேர்ன் மை டாட்டர் இங்லிஷ்" என்று சொல்லாத செக்காரரை நான் பார்த்ததில்லை.

சமையலறைக்குப் போனால் ஒன்று உறுதியாக வரும்: "மை மதர் வாஸ் எ குட் குக்கர்". டீச்சர், ரைட்டர் மாதிரி குக்கர். கணக்கு சரிதான், ஆங்கிலம்தான் ஏமாற்றுகிறது. நமக்கு என்னவோ அம்மா மூன்று விசில் விடுவது போலத் தோன்றும்.

சும்மா_வந்தவன்:
"நல்ல குக்கர்" 😂 அடுப்பை அணைத்துவிட்டு வந்து சிரிக்கிறேன்.

யாழ்_கிளி:
வணக்கம், நான் லண்டனில் இருந்து. 2004 மே மாதம் செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு நிறைய செக் பிள்ளைகள் இங்கே வேலைக்கு வந்தவை. நான் நின்ற கபேயிலும் இரண்டு பேர் இருந்தவை. மூன்று பேரும் சேர்ந்துதான் ஆங்கிலம் பழகினோம் என்று சொல்ல வேண்டும்.

முதல் நாளே சிப்ஸில் பிரச்சினை. வாடிக்கையாளர் மீனோடு சிப்ஸ் கேட்க, அந்தப் பிள்ளை பாக்கெட்டில் அடைத்த சிப்ஸைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். செக்கில் "சிப்ஸி" என்றால் அதுதான். பொரித்த நீட்டு உருளைக்கிழங்குக்கு அவர்களிடம் "ஹ்ரனொல்கி" என்று வேறு சொல் உண்டு. எனக்கும் சிப்ஸ் என்றால் பாக்கெட்தான், ஆகவே நானும் அதில் பிழை காணவில்லை. முதலாளி வந்துதான் ஏசினார்.

அவர்களுக்கு எந்தப் பழத்தில் செய்த ஜாமும் "மர்மெலாடா"தான். இங்கே மார்மலேட் கேட்டால் தோடம்பழத்தில் (ஆரஞ்சு) செய்ததை மட்டும்தான் கொடுக்க வேண்டும், ஸ்ட்ரோபெரி போத்தலை நீட்டினால் கிழவர்கள் கோபிப்பினம். "பாப்ரிக்கா" அங்கே காயும்தான் தூளும்தான், இங்கே தூள் மட்டும். "ஹொஸ்ட்" என்றால் அவர்களுக்கு விருந்தாளி. ஆங்கிலத்தில் நேர் எதிர், விருந்து கொடுப்பவர்தானே ஹோஸ்ட்.

செல்வி அக்கா, நேரம் சொல்வதை மறக்காதீர்கள். இங்கே "ஹாஃப் எய்ட்" என்றால் எட்டரை. செக்கில் "பூல் ஓஸ்மே" என்பதும் சொல்லுக்குச் சொல் "பாதி எட்டு", ஆனால் அது ஏழரை. எட்டாவது மணியில் பாதி போய்விட்டது என்று கணக்கு. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஒரு மாதம் முழுக்க ஒரு மணித்தியாலம் முந்தி வந்து பூட்டின கதவுக்கு முன்னால் குளிரில் நின்றவள். நல்ல பிள்ளை என்று முதலாளி மெச்சினார்.

பிராக்_பாண்டி:
அதே கணக்கில் "எட்டின் மேல் கால்" என்றால் ஏழே கால், "எட்டின் மேல் முக்கால்" என்றால் ஏழே முக்கால். கால், முக்கால் என்று நம்மைப் போலவே பேசுகிறார்களே என்று மகிழ்ந்துபோய் இரண்டு முறை ரயிலைத் தவறவிட்டவன் நான்.

இந்த ஏமாற்று ஒருவழிப் பாதை இல்லை. வந்த புதிதில் கடையில் ஜாம் போத்தலைக் காட்டி, இதில் "ப்ரெஸெர்வேட்டிவ்" இருக்கிறதா என்று செக் உச்சரிப்பில் அழகாகக் கேட்டேன். செக்கில் அந்தச் சொல்லுக்கு ஆணுறை என்று அர்த்தம். கல்லாவில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு முறை பார்த்தார், ஜாமை ஒரு முறை பார்த்தார். அந்தக் கடைப் பக்கம் இன்றுவரை போவதில்லை.

நேரடி_முறை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மேலே எல்லோரும் செக், தமிழ், ஆங்கிலம் என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பொருளைக் காட்டி ஆங்கிலச் சொல்லைச் சொல்வது ஒன்றே சரியான வழி. குழந்தை அப்படித்தானே கற்கிறது? தாய்மொழியை நடுவில் விட்டால் மொழிபெயர்த்துத்தான் பேசுவார்.

ஓஸ்ட்ராவா_வாத்தியார்:
@நேரடி_முறை காலைக் காட்டி "ஃபுட்" என்றால் அவர் மனதில் எழுதிக்கொள்வது "நொஹா". மறுநாள் முட்டியைக் காட்டி "லெக்" என்றால் அதுவும் "நொஹா". எங்கே கோடு விழுகிறது என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும். குழந்தைக்கு அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க ஐந்து வருடமும் ஒரு வீடு நிறைய ஆங்கிலம் பேசும் ஆட்களும் கிடைக்கிறார்கள். 68 வயதுக்காரருக்கு வாரம் ஒரு மணி நேரம். தாய்மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர அது செருப்பா?

நேரடி_முறை:
கோட்டைக் காட்டுவது வேறு, எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பது வேறு. முன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

கரூர்_கவிதா:
உச்சரிப்பு பற்றி யாரும் பேசவில்லையே. என் வீட்டுக்காரர் செக்காரர், அதனால் தினமும் காதில் விழுகிறது.

குறில் நெடில் அவர்களுக்குக் கஷ்டமே இல்லை. எழுத்தின் மேல் சின்னக் கோடு போட்டால் நெடில். ஆகவே ஷிப், ஷீப் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். "வ" விஷயத்தில் அவர்களும் நாமும் ஒரே படகு. ஒயினுக்கும் திராட்சைக் கொடிக்கும் ஒரே வ போடுவார்கள், எனக்கும் வித்தியாசம் கேட்காது. எங்கள் வீட்டில் அந்த ஒன்றில் மட்டும் சண்டை வராது.

சொல்லின் கடைசி எழுத்துதான் சிக்கல். செக்கில் கடைசியில் வரும் அதிரும் ஒலி அதிராத ஒலியாகிவிடும். நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலி "மக்கள்" என்பதில் வரும் க் மாதிரி வல்லினமாக இறுகிவிடும். படுக்கை "பந்தயம்" ஆகிவிடும், பை "முதுகு" ஆகிவிடும். இதை இங்கே தமிழில் எழுதிக் காட்டவும் முடியவில்லை பாருங்கள், நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். நாமோ அந்தப் பக்கம் சாய்ந்து "பேகு", "பெட்டு" என்று ஒரு உகரத்தை ஒட்டவைத்துக்கொள்வோம்.

அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும், எந்தச் சொல்லானாலும். "பனானா"வில் முதல் ப-வைத் தட்டிச் சொல்வார்கள். சின்னப் பையன் விழிப்பது அதனாலும் இருக்கலாம். தப்புச் சொல்லைவிடத் தப்பு அழுத்தம்தான் குழந்தைகளைக் குழப்புகிறது என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே தொலைக்காட்சியில் அந்நியப் படமெல்லாம் செக்கில் டப்பிங் செய்துதான் வரும். அதைத் தரம் குறைந்த வேலையாகவே நினைப்பதில்லை. பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் லூயி த ஃப்யூனேவுக்குக் குரல் கொடுத்த ஃபிரான்டிஷெக் ஃபிலிபோவ்ஸ்கியின் பெயரில் டப்பிங்குக்குத் தனி விருதே கொடுக்கிறார்கள். பாட்டி வாழ்நாள் முழுக்க ஹாலிவுட் படம் பார்த்திருப்பார், ஆனால் ஒரு ஆங்கில வாக்கியம் காதில் விழுந்திருக்காது.

சும்மா_வந்தவன்:
நான் அங்கே போனதே இல்லை, ஒரு யோசனை மட்டும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலச் சொற்களை எண்ணிக் காட்டினால் தைரியம் வருமே? நம் பாட்டிகள் பஸ், லைட்டு, டிக்கெட்டு என்று சொல்கிற மாதிரி.

ஓஸ்ட்ராவா_வாத்தியார்:
@சும்மா_வந்தவன் சும்மா வந்தாலும் உருப்படியாகச் சொன்னீர்கள். நான் முதல் வகுப்பில் செய்வது இதுதான். ஸ்வெட்டர், ஜூஸ், வீக்கெண்ட், சாண்ட்விச், ஜீன்ஸ், டிராம் எல்லாம் செக் எழுத்துக்கூட்டலில் உள்ளே வந்து குடியேறியவை. ஹாக்கிப் பைத்தியமான நாடு, அதனால் கோல், ஆஃப்சைடு எல்லாம் தாத்தாக்களுக்கும் தெரியும். வேடிக்கையானது "கெக்ஸ்". ஆங்கிலக் "கேக்ஸ்" என்ற பன்மைதான், இங்கே வந்து பிஸ்கட் ஆகிவிட்டது. ஆகவே பேரனிடம் அதைச் சொன்னால் வேறு எதிர்பார்ப்பான், எச்சரிக்கை.

எதிர்த் திசையில் ஒன்று: ரோபோ. 1920-இல் கரேல் சாப்பெக் எழுதிய நாடகத்தில் பிறந்த சொல். யோசனை சொன்னது அவருடைய அண்ணன், ஓவியர் யோசெஃப். "ரொபோதா" என்றால் பண்ணையாருக்குச் செய்யும் கட்டாய உழைப்பு. பையனிடம் நிச்சயம் ஒரு ரோபோ பொம்மை இருக்கும். "இது எங்கள் ஊர்ச் சொல்" என்று பாட்டி சொல்லட்டும்.

பிர்னோ_செல்வி:
ஆறு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. நடந்ததை ஒழுங்கில்லாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை விட்டுவிட்டேன். பாட்டி வழக்கமாகப் பேரனிடம் செக்கில் என்னென்ன சொல்ல நினைப்பாரோ அதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். முதல் பக்கம் முழுக்க "ப்ரொசீம்". அங்கேதான் முழித்துக்கொண்டேன். நான் வந்த நாளாக அதை "ப்ளீஸ்" என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இவர் போனை எடுத்தால் ப்ரொசீம். நான் சொன்னது காதில் விழாவிட்டால் ப்ரொசீம்? நன்றி சொன்னால் ப்ரொசீம். தட்டை நீட்டும்போதும் ப்ரொசீம். போன மாதம் கேமரா முன்னால் கேக்கைக் காட்டி "ப்ளீஸ், ப்ளீஸ்" என்றாராம். பையன் "ப்ளீஸ் என்ன?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறான், அவன் அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நீட்டும்போது சொல்வது நம் "இந்தா" என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. "ஹியர் யு ஆர்" என்று மாற்றிக் கொடுத்தேன். இப்போது உப்பு டப்பாவை நகர்த்தினாலும் எனக்கு ஒரு "ஹியர் யு ஆர்" கிடைக்கிறது.

என் தவறும் ஒன்று உண்டு. "நஸ்ட்ராவீ" என்றால் "சியர்ஸ்" என்று சொல்லிக்கொடுத்தேன், பீர் குவளையை முட்டும்போது அதைத்தானே சொல்கிறார்கள். தும்மினாலும் அதேதான் சொல்வார்கள் என்று மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பையன் தும்மினான். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து "சியர்ஸ்!" என்றார். லீட்ஸில் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாராம். பையனுக்கு அது மிகவும் பிடித்துப்போய், இப்போது வேண்டுமென்றே தும்முகிறான். "ப்ளெஸ் யு" என்று மாற்றலாமா என்று கேட்டேன், பாட்டி மறுத்துவிட்டார். எங்கள் ஊரில் குழந்தை தும்மினால் "நூறு" என்போம் என்றேன். நூறு என்ன என்று கேட்டார். வருடம் என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாப்பிடும் முன் சொல்லும் "தொப்ரோ ஹுத்" தான் தீரவில்லை. அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தினமும் கேட்கிறார். ஹோட்டல்காரர் சொல்வது ஒன்று இருக்கிறது, பாட்டி பேரனிடம் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. தமிழில் இருக்கிறதா என்றார். "சாப்பிடு" என்போம் என்றேன். அது கட்டளை என்றார். ஆமாம் என்றேன். கடைசியில் அதை செக்கிலேயே விட்டுவிட்டோம். பையனும் ஸ்பூனைத் தூக்கியதும் அதையே சொல்லப் பழகிவிட்டான், ஹ் வரும் இடத்தில் காறித் துப்புகிற மாதிரி.

நேரத்துக்கு யாழ்_கிளி சொன்னது காப்பாற்றியது. ஈஸ்டருக்கு லீட்ஸ் போகிறார். விமான நிலையத்துக்கு "ஹாஃப் எய்ட்" வருகிறேன் என்று மாப்பிள்ளை சொல்ல, இவர் ஏழரை என்று எழுதி வைத்திருந்தார். இப்போது எண்ணில் எழுதச் சொல்லி, 8.30 என்று ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம்.

உடம்புப் பாடம் நேற்று நடந்தது. வாத்தியார் சொன்னபடி எங்கள் வீட்டுச் சோபாவில் உட்காரவைத்து, ஒரு ரிப்பனைக் கணுக்காலில் கட்டி, மேலே லெக், கீழே ஃபுட் என்றேன். இன்னொன்றை மணிக்கட்டில் கட்டினேன். விரலுக்கு வந்ததும் பாட்டி கால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டி, "இதற்கு உங்கள் மொழியில் என்ன?" என்றார். கால்விரல் என்று சொல்லி, பிரித்து அர்த்தமும் சொன்னேன். கையைத் தட்டிச் சிரித்தார். "எங்களுக்கும் அதேதான். அப்படியானால் நாம் இருவர், அவர்கள் ஒருவர்" என்றார்.

எனக்குப் போன வருடம் ஞாபகம் வந்தது. நகம் உள்ளே வளர்ந்து வீங்கியபோது மருத்துவரிடம் ஆங்கிலத்தில் "லெக் ஃபிங்கர்" என்றுதான் சொன்னேன். அவரும் செக்காரர். தலையாட்டி அப்படியே எழுதிக்கொண்டார்.

பிராக்_பாண்டி:
பல் என்ன ஆனது அக்கா? காட்டினானா?

பிர்னோ_செல்வி:
காட்டினான் தம்பி. பழையதைப் பல் தேவதை எடுத்துக்கொண்டு ஒரு பவுண்டு வைத்துவிட்டுப் போய்விட்டதாம், இது இரண்டாவது. "பார்க்கிறாயா?" என்று கேட்டுவிட்டு, பாட்டி வாயைத் திறக்கும் முன் அவனே "அனோ?" என்றான். பாட்டி அதே நேரம் "யெஸ்" என்றார்.

சும்மா_வந்தவன்:
பல் தேவதைக்கு செக்கில் என்ன?

பிர்னோ_செல்வி:
கேட்டுச் சொல்கிறேன். மாடியேறி வரும் சத்தம் கேட்கிறது, கேக் வாசனையும் வருகிறது. "ஹியர் யு ஆர்" வாங்கிக்கொண்டு வருகிறேன்.